சாவிக்குக் கட்டுப்பட்ட விளக்கு

பூசை அறையில் விளக்கு அணையாமல் எரிவது வீட்டுக்கு நல்லது என்பார் என் பாட்டி. காரில் விளக்கு அணையாமல் எரிந்தால் என்ன ஆகும் என்பதையும் அவர்தான் எனக்குப் புரியவைத்தார். வாயால் சொல்லிப் புரியவைக்கவில்லை. ஒரு விடியற்காலையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நகராத காரில் பேசாமல் உட்கார்ந்திருந்ததன் வழி புரியவைத்தார்.

நான் பொறியியல் மாணவன் அல்லன், பொருளியல் பயில்பவன். ஆறாம் ஆண்டு வரை கிள்ளானில் தமிழ்ப்பள்ளி. அதன் பிறகு ரிமூவ் வகுப்பு தொடங்கித் தேசிய இடைநிலைப்பள்ளி. உலர் மின்கலம், மின்குமிழ், விசை என்று மின்சாரத்தை முதலில் தமிழில் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அதுவே ‘லித்தார்’, ‘அருஸ்’ ஆனது. கார்ப் பட்டறையில் எல்லாமே ‘கரண்டு’. இந்த மூன்றையும் ஒன்றாக இணைத்துப் பார்க்க எனக்கு ஒரு பழைய புரோட்டோன் சாகாவும் இரண்டு தவறுகளும் தேவைப்பட்டன. காரில் கூடுதல் விளக்கு பொருத்த நினைக்கும் நண்பர்கள் அதே தவறுகளைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் தவறு: நேராகப் பேட்டரிக்கு

வாரத்தில் இரண்டு இரவுகள் பிரிக்பீல்ட்ஸில் மாணவர்களுக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து கிள்ளானுக்குத் திரும்பக் கூட்டரசு நெடுஞ்சாலையைப் பிடிக்கும்போது மணி பத்தரையைத் தாண்டிவிடும். மழை பெய்தால் ஷா ஆலம் வரை சாலைக் கோடே தெரியாது. அப்பாவின் சாகாவுக்கு வயது அதிகம். முன் விளக்கின் கண்ணாடியும் மஞ்சள் பூத்துப் போயிருந்தது. ஆகவே, 55 வாட் ஹாலோஜன் பனி விளக்குகள் ஒரு ஜோடி வாங்கி முன் பம்பரில் பொருத்தினேன். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு வயர், நடுவில் ஒரு சுவிட்ச், அங்கிருந்து விளக்கு. ஐந்தாம் ஆண்டு அறிவியல் புத்தகத்தில் இருந்த அதே மின்சுற்றுதான். சுவிட்சைத் தட்டியதும் வாசல் முழுக்க வெளிச்சம். அம்மா வந்து பார்த்துவிட்டு, “பரவால்லயே” என்றார்.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பினேன். முன் விளக்கை அணைத்தேன், சாவியை எடுத்தேன், உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். பனி விளக்கின் சுவிட்சை மறந்துவிட்டேன். எங்கள் வீட்டுக் கார் சுவரைப் பார்த்து நிற்கும். தாழ்வாகப் பொருத்திய அந்த வெளிச்சம் யார் கண்ணிலும் படவில்லை.

பாட்டிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு அவருக்கு இருக்கை. மறுநாள் விடியற்காலை ஐந்தேகாலுக்கு அப்பா சாவியைத் திருப்பியபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டுமே வந்தது. பக்கத்து வீட்டு மாமாவை எழுப்பி, அவர் காரிலிருந்து கேபிள் போட்டு உயிர் கொடுப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. டயாலிசிஸ் இயந்திரத்துக்கு அடுத்து ஒருவர் காத்திருப்பார். ஆகவே நான்கு மணி நேரம் கிடைக்க வேண்டிய பாட்டிக்கு அன்று மூன்றேகால் மணி நேரம்தான் கிடைத்தது. இரண்டு நாள் அவர் கால் வீங்கியிருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

பிறகுதான் கணக்குப் போட்டேன். இரண்டு விளக்குகள் சேர்ந்து 110 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 9.2 ஆம்பியர். எங்கள் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. புதிய பேட்டரியே ஆனாலும் நான்கு மணி நேரத்துக்குள் காலியாகிவிடும். நான் விட்டதோ ஆறு மணி நேரத்துக்கு மேல். அதோடு, பேட்டரி முழுவதும் காலியாக வேண்டும் என்பதில்லை. எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அந்த ஒரு கணத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். பாதி இறங்கிய பழைய பேட்டரியே அதைக் கொடுக்கத் திணறும். ஈய-அமிலப் பேட்டரியை இப்படிச் சில முறை அடியோடு இறக்கினால் அதன் ஆயுளும் குறைந்துவிடும்.

சாவி என்ன செய்கிறது?

கார்ச் சாவியை நாம் பூட்டுத் திறக்கும் பொருளாகவே நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு பெரிய சுவிட்ச். பழைய வகைக் கார்களில் அதற்கு நான்கு நிலைகள் உண்டு. ‘லாக்’ நிலையில் கடிகாரம், கதவு விளக்கு போன்ற சிலவற்றைத் தவிர எதற்கும் மின்சாரம் போகாது. ‘ஏ.சி.சி.’ நிலையில் வானொலி போன்றவை மட்டும் இயங்கும். ‘ஆன்’ நிலையில் எஞ்சினுக்குத் தேவையானவை, வைப்பர், சிக்னல் ஆகிய எல்லாம் உயிர் பெறும். ‘ஸ்டார்ட்’ நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும். அப்போது வானொலி ஒரு கணம் நின்று போவதைக் கவனித்திருப்பீர்கள். பேட்டரியின் பலம் முழுவதும் ஸ்டார்ட்டருக்குப் போகட்டும் என்று மற்றவை துண்டிக்கப்படுவதால் அப்படி ஆகிறது.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. தொடக்கக் காலக் கார்களை முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். 1912ஆம் ஆண்டின் கேடிலாக் காரில்தான் சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் வழக்கமான பொருத்தமாக வந்தது. எஞ்சினில் தீப்பொறியை உண்டாக்கும் சுருளுக்கு மின்சாரம் போகலாமா கூடாதா என்று தீர்மானிப்பதே அந்தச் சுவிட்சின் முதல் வேலை. வாகன மின்முனைகளுக்கு எண் வழங்கும் டின் 72552 என்ற ஜெர்மானியத் தரத்தில் அந்த முனையின் எண் 15. எப்போதும் உயிரோடு இருக்கும் பேட்டரி முனைக்கு எண் 30. காரின் உடம்புக்குப் போகும் எதிர்முனைக்கு எண் 31. நான் செய்த முதல் தவறை இந்த எண்களில் சொன்னால் ஒரே வரியில் முடிந்துவிடும்: 15இன் அனுமதி கேட்க வேண்டிய விளக்கை நேராக 30இல் மாட்டிவிட்டேன்.

இரண்டாவது தவறு: சிறிய வயரின் மேல் பெரிய சுமை

சாவியை எடுத்தால் விளக்கும் தானாக அணைய வேண்டும். அப்படியானால் சாவி ‘ஆன்’ ஆகும்போது மட்டும் உயிர் பெறும் வயர் ஒன்றைக் கண்டுபிடித்து, அதில் விளக்கை இணைத்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தேன். சோதனை விளக்கை வைத்துக்கொண்டு டேஷ்போர்டின் அடியில் தேடினேன். ஒரு வயர் சரியாக நடந்துகொண்டது. அதன் தோலைச் சீவி, என் வயரை அதோடு முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினேன். சாவியை எடுத்ததும் விளக்கு அணைந்தது. நான் வென்றுவிட்டதாகவே எண்ணினேன். அந்த வயர் வைப்பருக்குப் போகும் வயர் என்பது எனக்குத் தெரியாது.

மழை இல்லாத இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வாரம், பத்து தீகா அருகே கொட்டும் மழை. பனி விளக்கைப் போட்டேன். வைப்பரை வேகமாக வைத்தேன். சில நிமிடங்களில் விளக்கும் வைப்பரும் ஒன்றாக நின்றுவிட்டன. கண்ணாடியில் தண்ணீரும் முன்னால் போகும் லாரியின் சிவப்பு வெளிச்சமும் கலந்து ஒரே சிவப்புத் திரையாகத் தெரிந்தன. எப்படி ஓரத்துக்கு ஒதுங்கினேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எந்த மழைக்காக விளக்கைப் பொருத்தினேனோ, அந்த மழையில்தான் அது என்னைக் கைவிட்டது.

காரணம் எளிது. அந்தச் சுற்றுக்கு இருந்தது 15 ஆம்பியர் ஃபியூஸ். விளக்கு 9.2 ஆம்பியர் எடுத்தது. வெயில் நாளில் அதோடு வேறு சுமை இல்லை. மழை நாளில் வைப்பரும் சேர்ந்தபோது ஃபியூஸ் அறுந்துவிட்டது.

அடுத்து நான் செய்தது இன்னும் மோசம். மழை சற்று விட்டதும் மெதுவாக எண்ணெய் நிலையம் வரை போனேன். அங்கே ஒருவர் தம் காரில் கிடந்த பச்சை நிற ஃபியூஸ் ஒன்றைக் கொடுத்தார். நீல நிறம் என்றால் 15 ஆம்பியர், பச்சை என்றால் 30 ஆம்பியர். “பெருசா போட்டா அறுக்காது” என்றார். நானும் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை எங்கள் தாமானில் உள்ள பட்டறை அண்ணனிடம் காரைக் கொண்டு போனேன். டேஷ்போர்டின் அடியில் தலையை விட்டவர், ஒன்றும் பேசாமல் நான் முறுக்கிய இணைப்பை வெளியே இழுத்துக் காட்டினார். டேப் உருகி வயரோடு பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. வயரின் தோல் சுருங்கி, செம்பு வெளியே தெரிந்தது.

“தம்பி, பியூஸ் எதுக்கு இருக்கு?”

“லைட்டைக் காப்பாத்த, அண்ணே.”

“லைட்டு போனா பத்து வெள்ளிக்கு வேற வாங்கிக்கலாம். பியூஸ் வயரைக் காப்பாத்த இருக்கு. வயர் எரிஞ்சா காடியே எரிஞ்சிரும். இன்னொரு மணி நேரம் ஓட்டியிருந்தா நீ இங்க வந்திருக்க மாட்ட.”

மெல்லிய வயரும் அதற்கு ஏற்ற ஃபியூஸும் ஒரு ஜோடி. ஃபியூஸை மட்டும் பெரிதாக்கினால், இனி முதலில் சூடாகி அறுவது ஃபியூஸ் அன்று, வயர்தான். அதுவும் தோலில் சுற்றிய நெருப்பாக, கம்பளமும் பஞ்சும் நிறைந்த இடத்தில்.

ரிலே: ஆணை ஒரு வழி, ஆற்றல் ஒரு வழி

அண்ணன் ஒரு சிறிய கறுப்புப் பெட்டியை என் கையில் கொடுத்தார். அதன் பெயர் ரிலே. இச்சொல் நமக்கு விளையாட்டுத் திடலில் அறிமுகமானதுதான். அஞ்சல் ஓட்டத்தில் களைத்தவர் கோலைக் கொடுக்க, களைக்காதவர் வாங்கிக்கொண்டு ஓடுகிறார். மின்சார ரிலேயும் அப்படிப் பிறந்ததே. 1830களில் தந்தி முறை உருவானபோது, நெடுந்தூரம் வந்து நலிந்துபோன மின்சாரத்தால் கருவியை இயக்க முடியவில்லை. ஆனால், ஒரு சிறு மின்காந்தத்தை அசைக்க அதற்குப் பலம் இருந்தது. அந்த அசைவு புதிய பேட்டரி ஒன்றின் பாதையைத் திறந்துவிட்டது. மலாயில் இதற்கு ‘கெகன்தி’ என்று பெயர்.

காரிலும் இதுவே நடக்கிறது. ரிலேயின் உள்ளே ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கிறது. ‘டிக்’ என்ற சத்தத்தோடு பெரிய மின்பாதை மூடிக்கொள்கிறது. சுருளுக்குத் தேவை ஏறக்குறைய 0.2 ஆம்பியர் மட்டுமே. அது மூடும் பாதையோ 30 ஆம்பியர் வரை தாங்கும். சாவியின் வயரிடம் நாம் கேட்பது அனுமதி மட்டும். பலத்தைப் பேட்டரியிடமிருந்து தனி வயரில் எடுத்துக்கொள்கிறோம்.

ரிலேயின் அடியில் நான்கு கால்களும் அவற்றின் எண்களும் இருக்கும். நான் மேலே சொன்ன ஜெர்மானியத் தரத்தின் எண்களே இவை. சீனாவில் செய்தாலும் தைவானில் செய்தாலும் பெரும்பாலும் இவை மாறுவதில்லை.

30: பேட்டரியின் நேர்முனையிலிருந்து, ஃபியூஸ் வழியாக வரும் தடித்த வயர்.
87: விளக்குகளுக்குப் போகும் தடித்த வயர்.
86: சாவியின் ‘ஆன்’ நிலையில் உயிர் பெறும் மெல்லிய வயர், நம் சுவிட்ச் இதன் நடுவில் வரும்.
85: காரின் உடம்புக்குப் போகும் மெல்லிய வயர்.

ஐந்து கால் உள்ள ரிலேயும் கடையில் உண்டு. அதில் 87ஏ என்று ஒரு கால் கூடுதலாக இருக்கும். அது நேர்மாறாக நடந்துகொள்ளும். ரிலே ஓய்வில் இருக்கும்போது அந்தப் பாதை மூடியிருக்கும். தவறி அதில் விளக்கை மாட்டினால், சாவியை எடுத்த பிறகு விளக்கு எரியும். மீண்டும் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலைதான்!

வேலைக்கு இறங்கும் முன்

முதலில் கணக்கு. 9.2 ஆம்பியரோடு கால் பங்கு கூட்டினால் 11.5. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 15. ஆகவே ஃபியூஸ் 15 ஆம்பியர். அதைத் தாங்கக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும். சுருளுக்குப் போகும் வயர் மெல்லியதாக இருக்கலாம். எல்.இ.டி. விளக்கு வாங்குபவர்களுக்குச் சுமை மிகவும் குறைவு. இரண்டும் சேர்ந்து 20 வாட் என்றால் 1.7 ஆம்பியர்தான். அதற்கு ரிலே கட்டாயம் என்று சொல்ல முடியாது. ஆனால், தனி ஃபியூஸும் சாவியின் அனுமதியும் எல்.இ.டி.க்கும் வேண்டும். 1.7 ஆம்பியரும் இரவு பகலாக எரிந்தால் ஒரே நாளில் பேட்டரியைத் தீர்த்துவிடும்.

தடித்த வயர் வெறும் பாதுகாப்புக்காக மட்டும் இல்லை. மெல்லிய வயரிலும் துருப்பிடித்த இணைப்பிலும் வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். ஹாலோஜன் விளக்குக்கு வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைகிறது. பலர் புதிய பல்பு வாங்கியும் வெளிச்சம் போதவில்லை என்று குறைபடுவதற்குப் பல நேரம் வயரே காரணம்.

பொருள்கள் பெரும்பாலும் வாகன உதிரிப்பாகக் கடையிலேயே கிடைக்கும். நான் பிரிக்பீல்ட்ஸுக்குப் போகும் வழியில் புடு, ஜாலான் பாசாரில் உள்ள மின்னியல் கடைகளில் ரிலே, அதன் தாங்கி, நீர் புகாத ஃபியூஸ் தாங்கி, வயர், வெப்பத்தால் சுருங்கும் குழாய், வயர் முனைகள், மல்டிமீட்டர் ஆகியவற்றை வாங்கினேன்.

பொருத்தும் முறை

1. பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். காரின் உடம்பு முழுவதும் எதிர்முனைதான். நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி உடம்பில் பட்டதும் பெரும் தீப்பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது எதிர்முனை கடைசி.

2. ரிலேயை எஞ்சின் வெப்பத்துக்கும் தண்ணீருக்கும் விலகிய இடத்தில், கால்கள் கீழே பார்க்கும்படி பொருத்துங்கள். மேலே பார்த்தால் மழைநீர் உள்ளே தேங்கும்.

3. பேட்டரியின் நேர்முனையிலிருந்து தடித்த வயரைக் கொண்டுவாருங்கள். ஃபியூஸ் தாங்கி பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயருக்குக் காவல் இல்லை. ஆகவே அந்தப் பகுதி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அங்கிருந்து ரிலேயின் 30.

4. ரிலேயின் 87இலிருந்து இரண்டு விளக்குகளுக்கும் வயர் இழுங்கள். விளக்கின் எதிர்முனைகளைக் காரின் உடம்பில் இணைக்கும் இடத்தில் சாயத்தைச் சுரண்டி, உலோகம் தெரிந்த பிறகு போல்ட்டால் இறுக்குங்கள். சாயத்தின் மேல் இறுக்கினால் விளக்கு மங்கலாக எரியும் அல்லது எரியவே எரியாது.

5. 85ஐயும் அப்படியே உடம்பில் இணைத்துவிடுங்கள்.

6. இனி 86. இதுதான் சாவியின் வயர். பேட்டரியைத் தற்காலிகமாக மாட்டி, டேஷ்போர்டில் உள்ள ஃபியூஸ் பெட்டியை மல்டிமீட்டரால் சோதியுங்கள். சாவி இல்லாதபோது 0 வோல்ட், ‘ஆன்’ நிலையில் ஏறக்குறைய 12 வோல்ட் காட்டும் இடமே நமக்கு வேண்டியது. வயரைச் சீவ வேண்டாம். ஃபியூஸ் இருந்த துளையில் மாட்டி, பக்கத்தில் தனிச் சிறு ஃபியூஸோடு ஒரு கிளை எடுத்துத் தரும் கருவி கடையில் கிடைக்கும். காற்றுப்பை, எஞ்சின் கணினி, பிரேக் ஆகியவற்றின் ஃபியூஸை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

7. அந்தக் கிளையிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து எஞ்சின் பகுதியில் உள்ள 86. இடையில் உள்ள இரும்புச் சுவரைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதிர்வில் இரும்பு விளிம்பே வயரின் தோலை அறுத்துவிடும்.

8. எந்த இணைப்பையும் முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். முனையை இறுக்கிப் பொருத்தி, சுருங்கும் குழாயால் மூடுங்கள். நம் நாட்டு வெப்பத்தில் டேப்பின் பசை சில மாதங்களில் இளகிவிடும்.

மூன்று சோதனைகள்

முதல் சோதனை: சாவியை எடுத்துவிட்டு, பனி விளக்கின் சுவிட்சை ‘ஆன்’ செய்யுங்கள். விளக்கு எரியக்கூடாது. இரண்டாவது: சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவாருங்கள். ‘டிக்’ என்று கேட்டு விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்யும் கணத்தில் விளக்கு அணைந்து மீண்டும் எரிந்தால் அது பழுதன்று. மூன்றாவது: எஞ்சின் ஓட, விளக்கு 20 நிமிடம் எரியட்டும். பிறகு ஃபியூஸ் தாங்கியையும் ஒவ்வோர் இணைப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சூடு என்றால் அங்கே இணைப்பு சரியில்லை. பேட்டரியில் உள்ள வோல்ட்டுக்கும் விளக்கில் உள்ள வோல்ட்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தாலும் அதே பொருள்தான்.

எதைச் செய்யக்கூடாது?

புதிய வகைக் கார்களில் விளக்குகளையும் பூட்டுகளையும் கணினியே கட்டுப்படுத்துகிறது. ஒரு வயரில் கூடுதல் சுமை வந்தால் அது பழுது என்று எண்ணி எச்சரிக்கை காட்டும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார் வைத்திருப்பவர்களும், உத்தரவாதக் காலம் முடியாதவர்களும் இதைத் தாமே செய்யாமல் தெரிந்தவர்களிடம் விடுவதே நல்லது.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. வாகன விளக்குகள் 1959ஆம் ஆண்டின் மோட்டார் வாகன (அமைப்பு, பயன்பாடு) விதிகளுக்கு உட்பட்டவை. விதி மீறிய மாற்றங்களுக்கு ஜே.பி.ஜே. நடவடிக்கை எடுக்கலாம். பனி விளக்கு பற்றிய ஐக்கிய நாட்டு விதி எண் 19 வெள்ளை அல்லது மஞ்சள் நிறத்தையே ஏற்கிறது. நீலம், சிவப்பு, மின்னி மின்னி அணையும் விளக்கு எதுவும் வேண்டாம். விளக்கைத் தாழ்வாக, சற்றுக் கீழ்நோக்கிப் பொருத்துங்கள். மழை விட்டதும் அணைத்துவிடுங்கள். நாம் பார்ப்பதற்காக எதிரில் வருபவரைக் குருடாக்குவது எந்த நியாயத்திலும் சேராது.

சாவியோடு கட்டிய இன்னொரு விளக்கு

விளக்கைச் சாவியோடு கட்டும் எண்ணம் மறதிக்கு மருந்து மட்டுமன்று. நம் நாட்டில் 1992ஆம் ஆண்டு முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன் விளக்கைப் போட்டே ஓட வேண்டும் என்பது சட்டம். வெளிச்சம் வேண்டி வந்த சட்டமன்று இது. மற்றவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக வந்தது. ராடின் உமார் ராடின் சொஹாடியும் அவருடைய சக ஆய்வாளர்களும் சிரம்பானிலும் நம் ஷா ஆலத்திலும் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வு, கண்ணில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் இதனால் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. இந்தியாவிலோ 2017 ஏப்ரல் முதல் புதிய இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினால் முன் விளக்கும் தானாக எரிய வேண்டும். அணைப்பதற்குச் சுவிட்சே இல்லை. மனிதன் மறப்பான் என்பதை ஒப்புக்கொண்டு அமைத்த ஏற்பாடு இது. என் சாகாவில் நான் ஒப்புக்கொள்ள மறந்ததும் அதைத்தான்.

தமிழில் ஒரு வரைபடம்

விளக்கோடு வந்த தாளில் சீனமும் அரைகுறை ஆங்கிலமும் இருந்தன. நான் எப்படியோ புரிந்துகொள்வேன். ஆனால், அந்தக் காரை அதிகம் ஓட்டுபவர் என் அப்பா. துறைமுகக் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார்; காப்பார் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவர் தங்குதடையின்றிப் படிக்கும் மொழி தமிழ் ஒன்றுதான். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் ஃபியூஸ் அறுந்தால் அவர் என்ன செய்வார்?

ஒரு வெள்ளைத் தாளில் மின்சுற்றை வரைந்தேன். ‘பேட்டரியிலிருந்து பலம்’, ‘சாவியிலிருந்து அனுமதி’, ‘விளக்குக்கு’, ‘உடம்புக்கு’ என்று நான்கு கோடுகளுக்கும் பெயர் எழுதினேன். அடியில், ‘ஃபியூஸ் 15. நீல நிறம். பெரியது போடக்கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு டேஷ்போர்டு அறையில் ஒட்டி வைத்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் ஒவ்வொரு கோடாகத் தொடர்ந்து போனார். “சாவி வயரு கேட்டுக்குத்தான் குடுக்குது. வெளிச்சம் பேட்டரியிலேர்ந்து வருது. அப்படித்தானே?” என்றார். நான் மூன்று பக்கத்தில் சொன்னதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

தமிழில் அறிவியலை எழுத முடியுமா என்று நாம் மன்றங்களில் அடிக்கடி பட்டிமன்றம் நடத்துகிறோம். எழுத முடியுமா என்பதைவிட, யாருக்காக எழுதுகிறோம் என்று கேட்பது பயனுள்ளதாக எனக்குத் தோன்றுகிறது. நம் வீடு ஒவ்வொன்றிலும் ஓர் அப்பா இருக்கிறார். எரிவாயு அடுப்பு, தண்ணீர் சூடாக்கி, மருந்துச் சீட்டு என்று எத்தனையோ தாள்கள் அவருக்குப் புரியாமல் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது நாம் ஒவ்வொருவரும் தமிழில் எழுதி ஒட்டி வைக்கலாம்.

சென்ற வாரம் ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் நான்தான் பாட்டியை டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்றேன். நல்ல மழை. சாவியைத் திருப்பிப் பனி விளக்கைப் போட்டேன்.

“என்னாடா சத்தம் அது, டிக்குன்னு?”

“ஒண்ணுமில்ல பாட்டி. லைட்டு கேட்டுக்கிட்டு எரியுது.”

“ம்ம். எறங்குறப்ப அணைச்சிரு” என்றார் பாட்டி. அவர் இன்னும் ரிலேயை நம்பவில்லை. நானும் இறங்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.